அறுபது நாள் கணக்கு

ஒரகடம் தொழிற்சாலை ஒன்றில் வேலை பார்க்கும் ஒடிசா இளைஞரின் சம்பளச் சீட்டை வாங்கிப் பாருங்கள். பி.எஃப்., இ.எஸ்.ஐ. பிடித்தங்களோடு அரையாண்டுக்கு ஒருமுறை இன்னொன்றும் எட்டிப் பார்க்கும். தொழில் வரி! சொந்த ஊர் ஒடிசா. வரி மட்டும் நம்ம ஊர் உள்ளாட்சிக்கா?

இந்த மண்ணுக்கு அது புதுசில்லை. எட்டாம் நூற்றாண்டில் இரண்டாம் நந்திவர்மன் கொடுத்த காசாக்குடிச் செப்பேட்டைப் பாருங்கள். காஞ்சிபுரம் பக்கத்து ஊற்றுக்காட்டுக் கோட்டத்தில் ஒரு கிராமத்தைத் தானம் செய்த சாசனம் அது. அதிலேயே தறிக்கு, குயவருக்கு என்று தனித்தனி வரிகள் வருகின்றன. தொழில் செய்தாயா, எடு காசை!

வெள்ளைக்காரன் காலத்திலும் விடவில்லை. 1920-ம் வருட மெட்ராஸ் மாவட்ட நகராட்சிச் சட்டம், ‘நீ எந்த ஊர்க்காரன்?’ என்று கேட்டு மெனக்கெடவில்லை. அரையாண்டில் மொத்தம் அறுபது நாள் எங்கள் ஊரில் தொழில் செய்தாயா? வரி கட்டு. வெளியே வேலை பார்த்து இங்கே அறுபது நாள் குடியிருந்தாயா? அப்போதும் கட்டு! ஒரு சலுகை உண்டு. அதே அரையாண்டுக்கு வேறு ஊரில் கட்டிவிட்டு வந்திருந்தால், வித்தியாசத் தொகை மட்டும் போதும்.

எவ்வளவு வாங்கலாம்? 1939-ல் ஐக்கிய மாகாணம் (இன்றைய உத்தரப் பிரதேசம்) சம்பளக்காரர்கள் மேல் வரி போடக் கிளம்பியது. லண்டன் பதறிப்போய், 1940-ல் ‘வருஷத்துக்கு 50 ரூபாய்க்கு மேல் கூடாது’ என்று கடிவாளம் போட்டது. நம் அரசியல் சாசனம் அதை 250 ஆக்கியது. 1988-ல் 60-வது திருத்தம் 2,500 ஆக்கியது. இன்றும் அதுதான் உச்சவரம்பு.

அமெரிக்காவில் நியூஜெர்ஸியில் குடியிருந்து நியூயார்க்கில் வேலை பார்ப்பவர் இரண்டு மாநிலங்களுக்கும் வருமான வரிக் கணக்கு காட்ட வேண்டும். இங்கே சம்பளத்தின் மேல் வருமான வரி போடும் அதிகாரம் மத்திய அரசுக்கு மட்டுமே. ஒடிசா இளைஞர் தப்பித்தார்!

ஆனால், ஒரு விஷயம் உறுத்துகிறது. வெளியூர்க்காரரிடம் வரி வாங்க அறுபது நாள் போதும் என்று 1920-லேயே எழுதிவிட்டோம். அவருடைய ஊர் ரேஷன் கார்டுக்கு நம்ம ஊர்க் கடையில் அரிசி கிடைக்க 2020 அக்டோபர் ஆகிவிட்டது.

வாங்குவதற்கு அறுபது நாள். கொடுப்பதற்கு நூறு வருஷம்!