முதுகின் சரித்திரம்

ஊர்காவற்றுறைக்குப் போர்த்துக்கேயர் இட்ட பெயருக்கு ‘யானைத்துறை’ என்பது பொருள். ‘கயிட்ஸ்’ அதன் எச்சம் என்பர். கடல்கடந்து விற்கப்பட்ட யானைகளைச் சரித்திரம் நினைவில் வைத்திருக்கிறது. அத்துறையில் தண்டு வலித்தும், வலை இழுத்தும், பொதி சுமந்தும் உழைத்த மனிதரின் முதுகுகளை அது மறந்துவிட்டது.

1904-05இல் யூஜின் சாண்டோ இந்தியாவிற் பயணஞ்செய்து தமது கட்டுடலைக் காட்டினார். பின்னர் பெங்களூரில் கே. வி. ஐயர் பயிற்சிக்கூடம் நடத்திப் புகழ்பெற்றார். உடல்வளர்ப்பு, படித்தவர்தம் கலையாயிற்று.

அக்கலையின் விதிகள் எளியவை. முதுகு அகல, தலைக்குமேலுள்ள கம்பியைப் பற்றி உடலை மேலிழுக்கவேண்டும். அது தடிக்க, குனிந்து நின்று பாரத்தை வயிற்றை நோக்கி இழுத்து, மெல்ல இறக்கவேண்டும். கீழ்முதுகு உரம்பெற, முள்ளந்தண்டை வளைக்காது நிலத்திலிருந்து பாரந்தூக்கவேண்டும். பாரம் படிப்படியாகவே கூடவேண்டும்.

இவற்றிற் புதுமை என்ன? பனையேறுபவனும், தண்டு வலிப்பவனும், மூட்டை தூக்குபவனும் காலங்காலமாகச் செய்தவைதாமே! ஆயினும் ஒரு வேறுபாடுண்டு. பயில்வான் தன் பாரத்தைத் தானே தெரிகிறான், களைத்தால் நிறுத்துகிறான், நன்கு உண்டு உறங்குகிறான். தசை வளர்வது பாரத்தைத் தூக்கும் வேளையிலன்று. பின்வரும் ஓய்வில், உணவில். உழைப்பாளியின் பாரத்தையோ முதலாளி தீர்மானித்தான். ஓய்வைக் கூலி பறித்தது. ஆதலால் ஒரே வகை அசைவு ஒருவன் முதுகை விரித்தது, மற்றவன் முதுகைக் கூனாக்கியது.

தீவகத்து இளைஞர் பயிற்சிக்கூடம் அமைக்கட்டும், நன்று. துறையில் உழைப்போருக்கு அளவான சுமையும், ஓய்வும், வயிறார உணவும் கேட்கும் குரலும் அங்கிருந்தே எழட்டும்.