சாம்பல், சவுக்காரம், ஸ்பொஞ்ச்: ஒரு குசினிச் சண்டையின் வரலாறு

யாழ்ப்பாணத்து வீடொன்றில் அரசியல் கதைக்காமல் ஒரு கிழமையைக் கடத்திப்போடலாம். சட்டி பானை எப்பிடிக் கழுவுறது எண்டு ஒரு சொல் பறையாமல் ஒரு நாளைக் கடத்தேலாது. சாம்பல்தான் சுத்தம் எண்டு ஒரு ஆள். விம் போடாட்டி எண்ணெய் போகாது எண்டு இன்னொரு ஆள். முதல் பேசினுக்கை ஊறப்போடுங்கோ எண்டு மூண்டாவது ஆள். தொண்டைமானாற்றில் எங்கட வீட்டிலும் இந்த மூன்று கட்சிகள்தான். அம்மம்மா சாம்பல் கட்சி, அம்மா விம் கட்சி, லீவுக்கு வெளிநாட்டிலிருந்து வந்து நிற்கும் மாமா பேசின் கட்சி.

இதை ஆளாளுக்கு உள்ள குணம் என்று சிரித்துவிட்டுப் போகலாம். ஆனால் மூன்று கட்சிகளையும் கொஞ்சம் பின்னோக்கிப் போய்ப் பார்த்தால், ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு காலமும் ஒரு தண்ணீரும் ஒரு வேலைப் பிரிவினையும் இருப்பது தெரியும். பாடப்புத்தக வரலாற்றில் குசினி வராது. அதனால் கிணற்றடியிலிருந்து தொடங்குவம்.

தண்ணி எப்பிடியோ கழுவலும் அப்பிடி

தொண்டைமானாறு பேரில்தான் ஆறு. உண்மையில் அது வடமராட்சிக் கடல்நீரேரி கடலோடு சேருகிற வாய். குலோத்துங்க சோழனின் தளபதி கருணாகரத் தொண்டைமான் உப்பு ஏற்றுவதற்காக இந்த வாயை வெட்டி ஆழமாக்கினான் என்பது ஊர் சொல்லும் கதை. கதை எப்பிடியிருந்தாலும் உப்பு உண்மை. யாழ்ப்பாணக் குடாநாட்டில் வருடம் முழுக்க ஓடுகிற ஆறு ஒன்றுமில்லை. ஐப்பசி, கார்த்திகை மழை சுண்ணாம்புக்கல்லுக்குள் இறங்கி, கீழே கிடக்கிற உவர்நீருக்கு மேலே ஒரு மெல்லிய நன்னீர்ப் படையாக மிதக்கிறது. அதைத்தான் நாங்கள் கிணறு வெட்டி அள்ளுகிறோம். கூட அள்ளினால் உவர் மேலே வரும். 1954இல் பொறியியலாளர் எஸ். ஆறுமுகம் முன்வைத்த 'யாழ்ப்பாணத்துக்கு ஓர் ஆறு' திட்டத்தின் நோக்கமே, கடல்நீரேரிகளில் மழைநீரைத் தேக்கி இந்த நன்னீரைக் கூட்டுவதுதான். கடலைத் தடுக்கத் தொண்டைமானாற்றில் தடுப்பணை வந்தது. திட்டம் முழுசா முடியேல்லை.

இதுக்கும் கோப்பை கழுவுறதுக்கும் என்ன தொடர்பு? நிறைய இருக்கு. சுண்ணாம்புக்கல்லுக்குள்ளால் வருகிற தண்ணீர் வன்னீர். அதில் கல்சியம் கரைந்திருக்கும். சவுக்காரத்தை அதில் போட்டால் நுரை வராது. சவுக்காரம் கல்சியத்தோடு சேர்ந்து வெள்ளைக் கசடாகி, சட்டியிலும் கையிலும் ஒட்டும். இப்ப அம்மம்மாவின் சாம்பலைப் பாருங்கள். விறகுச் சாம்பலில் பொட்டாசியம் காபனேற்று இருக்கிறது. அது காரம். எண்ணெயோடு சேர்ந்தால் அந்த இடத்திலேயே கொஞ்சம் சவுக்காரத்தை உண்டாக்கும். அதோடு, தண்ணீரில் உள்ள கல்சியத்தைப் படிய வைத்துத் தண்ணீரை மென்மையாக்கும். சாம்பலின் நறநறப்பு அடிப்பிடித்ததைச் சுரண்டும். தென்னம் பொச்சோ தும்போ அதைத் தேய்க்கும். பித்தளைக்குப் பழப்புளி. புளியின் அமிலம் கறுத்த படையைக் கரைத்து மினுக்கும். மண்சட்டிக்குச் சவுக்காரம் போடக்கூடாது, ஏனெண்டால் மண் அதைக் குடிக்கும், அடுத்த நாள் குழம்பு மணக்கும்.

அம்மம்மாவுக்கு இந்த இரசாயனம் ஒன்றும் தெரியாது. ஆனால் அவவின் முறை இந்த மண்ணின் தண்ணீருக்கு அளவெடுத்துத் தைத்த மாதிரி. துலாவில் அள்ளுகிற காலத்தில் ஒவ்வொரு வாளிக்கும் ஒரு உடம்பு வளைய வேணும். அதனால் தேய்க்கும்போது தண்ணீர் இல்லை, கடைசியில் மட்டும் ஊற்றி அலசுவது. அலசின தண்ணீர் வாய்க்காலால் வாழையடிக்குப் போகும். சாம்பல் கலந்த தண்ணீர் வாழைக்குப் பொட்டாசியம். சுத்தம் செய்ததன் கழிவும் பயிரானது.

எச்சில் எண்ட சட்டம்

இவ்வளவோடு நிறுத்தினால் இது 'முன்னோர்கள் முட்டாள்கள் இல்லை' வகைக் கட்டுரையாகிவிடும். அது அரைவாசி வரலாறு மட்டும். அந்தக் கிணற்றடியில் சுத்தம் என்ற சொல்லுக்கு வேறொரு பொருளும் இருந்தது.

மூக்குப்பேணியைப் பார்த்திருப்பீர்கள். இப்ப அது அலுமாரியில் அலங்காரப் பொருள். பக்கத்தில் ஒரு மூக்கு வைத்த பித்தளைப் பேணி. அண்ணாந்து, உதடு படாமல் ஊற்றிக் குடிக்க. எச்சில் படக்கூடாது என்ற விதியை ஒரு பாத்திரத்தின் உருவத்திலேயே வார்த்து வைத்திருக்கிறார்கள். சைவச் சட்டியும் மச்சச் சட்டியும் ஒன்றாகக் கழுவுப்படாது என்பதும் அதே விதியின் கிளை. செல்வச்சந்நிதித் திருவிழா நாட்களில் எங்கட ஊரில் மச்சச் சட்டிகள் மூலைக்குப் போய்விடும். 'எவ்வளவு தேய்ச்சாலும் அது மச்சச் சட்டிதான்' என்பார் அம்மம்மா. அதாவது, எண்ணெய் போனது சுத்தமில்லை. பாத்திரம் எதைத் தொட்டது, ஆர் தொட்டது என்பதுதான் கணக்கு.

'ஆர் தொட்டது' என்ற இடத்தில்தான் விஷயம் கசக்கிறது. யாழ்ப்பாணத்தில் ஒடுக்கப்பட்ட சாதி மக்களுக்கு வேலை செய்த வீட்டில் சிரட்டையிலும் பிளாவிலும் ஊற்றினார்கள். தேநீர்க்கடையில் வெறும் போத்தலிலும் தகரப் பேணியிலும் கொடுத்தார்கள். தமிழ்நாட்டில் இதற்கு இரட்டைக் குவளை முறை என்று பெயர். அங்கே குடித்தவரே தன் குவளையைக் கழுவி வைக்க வேணும். யோசித்துப் பாருங்கள். ஒரு கிளாஸைக் கழுவினால் அது சுத்தமாகும் என்று உண்மையாகவே நம்பினவர்களுக்கு இரண்டாவது கிளாஸ் தேவையில்லை. சில மனிதர் தொட்டதை எந்தச் சாம்பலும் சுத்தமாக்காது என்று நம்பினதால்தான் சிரட்டை வந்தது. குடித்துவிட்டு எறிந்துவிடலாம், கழுவத் தேவையில்லை.

1957இல் சமூகக் குறைபாடுகள் தடைச் சட்டம் வந்தது. சட்டம் வந்ததும் பேணி மாறவில்லை. 1966 ஒக்டோபர் 21ஆம் திகதி சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாணம் நோக்கிப் போன ஊர்வலமும், அதைத் தொடர்ந்த ஆண்டுகளில் நடந்த ஆலய நுழைவு, தேநீர்க்கடை நுழைவுப் போராட்டங்களும்தான் அதை மாற்றின. ஆட்கள் அடிவாங்கினார்கள், உயிரும் கொடுத்தார்கள். எல்லாருக்கும் ஒரே கிளாஸில் ஒரு பிளேன்ரீக்காக.

ஆகவே சாம்பலைப் புகழும்போது இதையும் சேர்த்தே சொல்ல வேணும். வாழைக்குத் தண்ணி விட்ட அதே கிணற்றில், பல பேர் வாளி போட அனுமதி இல்லாமல் நின்றார்கள். ஆரும் அள்ளி ஊற்றும் மட்டும் காத்து நின்றார்கள்.

சவுக்காரமும் பனம்பழமும்

அம்மாவின் கட்சி வயதில் இளையது. லீவர் பிரதர்ஸ் கொம்பனி இங்கிலாந்தில் விம்மைத் துலக்கும் தூளாக 1904இல் விற்கத் தொடங்கியது. 1938இல் அந்தக் கொம்பனி இலங்கையில் கால் வைத்தது. யாழ்ப்பாணத்திலேயே மில்க்வைற் சவர்க்காரத் தொழிற்சாலை இருந்தது. அதன் உரிமையாளர் க. கனகராசா பனை விதை நட ஊக்கப்படுத்தினதும் 'மில்க்வைற் செய்தி' என்று ஒரு சஞ்சிகை வெளியிட்டதும் பெரியாட்களுக்கு ஞாபகம் இருக்கும். சவுக்காரம் கொழும்பிலிருந்து மட்டும் வந்த நாகரிகம் இல்லை.

1990இல் தொடங்கிய பொருளாதாரத் தடைக்காலத்தில் எங்கட பக்கம் சவுக்காரமும் தட்டுப்பாடானது. கிடைத்தால் யானை விலை. அப்போது அம்மாவின் வயதுப் பெண்கள் பனம்பழத்தைப் பிசைந்து உடுப்புத் தோய்த்தார்கள், சட்டி பானைக்குத் திரும்பச் சாம்பலுக்குப் போனார்கள். பனங்களி நுரைப்பதற்குக் காரணம் இருக்கிறது. அதில் ஃபிளபெலிஃபெரின் என்ற சப்போனின் வகைப் பொருள் உண்டு. சப்போனின்கள் இயற்கையாகவே நுரைப்பவை. பழத்தின் கசப்பும் அவற்றால்தான்.

இதை வைத்துத்தான் அம்மாவை விளங்கிக்கொள்ள வேணும். அம்மம்மாவுக்குச் சாம்பல் பழக்கம். அம்மாவுக்குச் சாம்பல் எண்டால் தடைக்காலம், இடப்பெயர்வு. 1995 ஒக்டோபர் 30இல் வலிகாமம் ஒரே இரவில் வெளிக்கிட்டபோது, தென்மராட்சியிலும் வடமராட்சியிலும் ஒரு கிணற்றில் எத்தனையோ குடும்பங்கள் கழுவின. 'எனக்குச் சாம்பலைக் காட்டாதேங்கோ, நான் காணுமெண்ட அளவுக்குத் தேய்ச்சிட்டன்' என்று அம்மா சொன்னால் அது சோம்பல் இல்லை. கடையில் போய் ஒரு விம் கட்டியைக் காசு குடுத்து வாங்க ஏலுமாயிருப்பது அவவுக்குச் சமாதானத்தின் ஒரு அடையாளம்.

இரசாயனமும் இப்ப அம்மாவின் பக்கம். 1930களுக்குப் பிறகு பரவின செயற்கை அழுக்ககற்றிகள் வன்னீரிலும் நுரைக்கும், கசடு விடாது. விம் திரவம் அந்த வகை. ஆனால் அந்தத் தண்ணீரை வாழைக்கு விட அம்மம்மா விடமாட்டா. குழாயும் சிங்கும் வந்த பிறகு அது நேரே ஊறல் குழிக்குப் போகிறது. ஊறல் குழியிலிருந்து எங்கே போகும்? சுண்ணாம்புக்கல்லுக்குள்ளே. கிணறும் அதே கல்லில்தான் இருக்கிறது.

கோப்பை கழுவப் போனவை

மாமாவின் கட்சிதான் எனக்கு மிச்சம் சுவாரசியம். எங்கட பேச்சில் 'கோப்பை கழுவுறது' என்றால் இரண்டு அர்த்தம். ஒன்று வீட்டில் பெண்கள் செய்வது. அதற்குப் பேரும் இல்லை, சம்பளமும் இல்லை. மற்றது 1983க்குப் பிறகு பாரிஸ், சூரிச், ரொறன்ரோ என்று போன ஆண்கள் ரெஸ்ரோரன்ட்களின் பின்பக்கத்தில் செய்தது. அந்தக் காசில் இங்கே வீடு எழும்பியது, சீதனம் போனது, தம்பி தங்கச்சி படித்தார்கள்.

பாரிசில் அந்த வேலையைச் செய்கிறவருக்கு 'பிளொன்ஜர்' என்று பெயர். ஜோர்ஜ் ஓர்வெல் அதே வேலையைப் பாரிஸ் ஹோட்டல் ஒன்றில் செய்து, 1933இல் வெளிவந்த தன் முதல் புத்தகத்தில் அதை எழுதினார். நம்மவர்கள் போனபோது தொட்டியும் ஆவியும் கொஞ்சம் நவீனமாகியிருந்தன, ஆளின் நிலை பெரிதாக மாறவில்லை. ஊரில் தான் சாப்பிட்ட கோப்பையைக் கூடத் தூக்கி வைக்காத பெடியன் அங்கே ஒரு இரவில் நூற்றுக்கணக்கில் கழுவினான். ஒரு தொட்டியில் கழுவு, அடுத்ததில் அலசு, மூன்றாவதில் கிருமி நீக்கு. மாமாவின் முறை அங்கே படித்தது.

வீட்டுக்குள் அங்கேயும் சண்டைதான். பிரித்தானியாவில் பலர் ஒரு பேசினில் நுரைத் தண்ணீர் நிரப்பி, அதிலேயே எல்லாவற்றையும் முக்கித் தேய்த்து, அலசாமல் நுரையோடு அடுக்கி விடுவார்கள். சுடுதண்ணீரைக் கேத்தலில் காய்ச்சி அளந்து பாவித்த காலத்தின் பழக்கம் அது. எங்கட ஆட்களுக்கு அது எச்சில் தண்ணீர். அவர்களுக்கு எங்கட ஓடுகிற குழாய் வீண் செலவு. இரண்டு பக்கமும் தங்கட கிணற்றின் சட்டத்தைத்தான் பேசுகிறார்கள்.

ஆனால் ஒன்று. வெளிநாட்டில் கோப்பை கழுவி நிமிர்ந்த ஆண், ஊருக்கு வந்தால் கழுவுகிற முறையைச் சொல்லித் தருவாரே தவிர, கழுவுவதைக் காண்பது அரிது. சம்பளத்துக்குக் கழுவினால் தியாகம். சும்மா கழுவினால் பொம்பிளையள் வேலை.

எப்பிடி எண்டதுக்குள் ஒளிஞ்சிருக்கிற ஆர்

1886இல் அமெரிக்காவின் ஜோசஃபின் கொக்ரன் பாத்திரம் கழுவும் இயந்திரத்துக்குக் காப்புரிமை பெற்றார். வேலைக்காரர்கள் கழுவும்போது தன் பீங்கான்கள் உடைகின்றன என்ற கோபத்தில்தான் அவர் அதைத் தொடங்கியதாகச் சொல்வார்கள். அந்த இயந்திரமும் ஒரு கழுவல் சண்டையில் பிறந்ததுதான். 1893 சிக்காகோக் கண்காட்சிக்குப் போன அது, முதலில் பெரிய ஹோட்டல்களுக்குத்தான் விற்றது. வீட்டுக்கு வந்த இயந்திரங்களும் பெண்களின் வேலையைக் குறைத்ததாகத் தெரியவில்லை. சுத்தத்தின் அளவுகோல் உயர்ந்தது, வேறு ஆட்கள் செய்த வேலையும் தாயின் தலையில் வந்து சேர்ந்தது என்று வரலாற்றாசிரியர் ரூத் ஷ்வார்ட்ஸ் கோவன் 1983இல் ஒரு முழுப் புத்தகத்தில் காட்டினார்.

இலங்கையில் 2017இல்தான் தொகைமதிப்பு புள்ளிவிபரத் திணைக்களம் நாடளாவிய நேரப் பயன்பாட்டு ஆய்வை முதன்முதலில் நடத்தியது. சம்பளமில்லாத வீட்டுவேலையின் பெரும்பங்கு பெண்களிடம் என்று அது சொன்னது. எங்கட அம்மாமாருக்கு அது செய்தி இல்லை. ஆனால் எழுதிவைக்க ஒரு அரசுத் தாள் தேவைப்பட்டது.

இப்ப மூன்று கட்சிக்கும் திரும்பிப் பார்த்தால் தீர்ப்பு சொல்லுறது அவ்வளவு கஷ்டமில்லை. மண்சட்டிக்கும் அடிப்பிடித்ததுக்கும் சாம்பலும் பொச்சும். எண்ணெய்ப் பாத்திரத்துக்குக் கொஞ்ச விம். காய்ந்ததை ஊறப்போடு. குழாயைத் திறந்து விட்டபடி நிக்காதே, ஏனெண்டால் கீழே கிடக்கிறது உப்பு. மூன்று பேரும் தங்கட இடத்தில் சரி.

தீராத கேள்வி வேறு. இவ்வளவு சண்டையும் 'எப்பிடி' என்பதிலேயே நடக்கிறது. எங்கட வீட்டில் மூன்று தலைமுறையாக முறை மூன்று தரம் மாறிவிட்டது. கிணற்றடி குழாயாகியது, தும்பு ஸ்பொஞ்சானது, சாம்பல் திரவமானது. குந்தியிருந்து கழுவின ஆள் இப்ப நின்று கழுவுகிறா. ஆள் மாறேல்லை. சோறு சாப்பிட்டு முடிந்ததும் கையைக் கழுவிவிட்டு எழும்புகிற நாங்கள், கோப்பையையும் கழுவிவிட்டு எழும்பினால் சண்டையில் பாதி அங்கேயே முடியும். மிச்சப் பாதிக்குச் சாம்பலா விம்மா எண்டு கதைக்க, கழுவுகிற எல்லாருக்கும் உரிமை இருக்கு.