கண்ணின் ஓட்டமும் நினைவின் தோற்றமும்

நான் தலைமை ஆசிரியனாக இருந்த காலத்தில், பூகோளப் படத்தின்மேல் கண்களை அங்குமிங்கும் ஓட்டிய மாணவன் ஒருவனை, "ஓரிடத்தில் பார்" என்று சொல்லிப் பிரம்பால் அடித்தேன். அது பிழை என்பதைப் பின்னரே உணர்ந்தேன்.

படிக்கும்போது கண் வரியின்மேல் வழுக்கிச் செல்வதில்லை; நின்று நின்று தாவுகிறது. பாரிஸ் நகரில், எமில் ஜாவால் என்னும் கண் மருத்துவரின் ஆய்வுக்கூடத்தில், 1879-ஆம் ஆண்டையொட்டி இவ்வுண்மை புலப்பட்டது. ஒரு படத்தின்மேல் கண் எத்துணை முறை தாவி நிற்கிறதோ, அத்துணை நன்றாக அப்படம் நினைவில் நிற்கும் என்று அமெரிக்க அறிஞர் ஜெப்ரி லாப்டஸ் 1972-இல் காட்டினார்.

இதில் மூளையின் பங்கு யாது? 1953-இல் ஹென்றி மொலைசன் என்பவரின் வலிப்பு நோயைத் தணிக்க, மூளையின் இருபுறமும் உள்ள ஹிப்போகாம்பஸ் என்னும் உறுப்பின் பெரும்பகுதியை மருத்துவர் அகற்றினார். அதன்பின், 2008-இல் இறக்கும்வரை, புதிதாகக் கண்ட நிகழ்ச்சிகள் அவர் நினைவில் தங்கவில்லை. கண்கள் கண்டன, கண்டதைச் சேர்த்துவைக்கும் உறுப்பு இல்லை.

முன்பு பார்த்த படத்தில் ஒரு பொருளை இடம் மாற்றினால், நம் கண்கள் அவ்விடத்தையே நாடும். மறதி நோயாளரின் கண்கள் அவ்வாறு நாடவில்லை என்று 2000-இல் வெளியான ஆராய்ச்சி கூறிற்று. கண் நினைவுக்குப் பொருள் தேடித் தருகிறது. நினைவோ கண்ணுக்கு வழி காட்டுகிறது.

அன்று அச்சிறுவன் படத்தைப் படித்துக்கொண்டுதான் இருந்தான். அவன் கண்களைப் படிக்கத் தவறியவன் நானே.