பழைய விமானமும் வீடு திரும்பும் வழியும்



லெம்பா பெர்த்தாமில் காய்கறி ஏற்றுவதற்குப் பழைய லோரி ஒன்று வாங்க நினைப்பவர் தனியாகப் போவதில்லை. எஞ்சின் தெரிந்த ஒருவரை உடன் அழைத்துக்கொண்டு தாப்பாவுக்கோ ஈப்போவுக்கோ மலை இறங்குகிறார். வந்தவர் புகையின் நிறத்தைப் பார்க்கிறார். எண்ணெய்க் கசிவைத் தேடுகிறார். எஞ்சினை முடுக்கிவிட்டுக் காதைத் தீட்டிக்கொள்கிறார். விலை பேசி முடித்த பிறகுதான் உண்மையான சோதனை. அந்த வண்டியை மலை வளைவுகளில் ஏற்றி வீடு கொண்டுவந்து சேர்க்க வேண்டும்.

இதே வேலையை விமானத்தை வைத்துச் செய்தவர்களும் உண்டு. பழைய சிறு விமானம் ஒன்றை விலைக்கு வாங்கி, கண்டங்களைக் கடந்து ஓட்டிச் சென்றார்கள். அவர்களுள் இருவர் நமது மலாயாத் தீபகற்பத்தின் வழியாகவே பறந்தனர். அவர்களது வரலாற்றை இன்று பார்ப்போம்.

முதலாமவர் பெர்ட் ஹிங்க்லர். ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்து மாநிலத்தில் பண்டபெர்க் என்னும் ஊரில் 1892-ஆம் ஆண்டு பிறந்தவர். இங்கிலாந்தில் ஆவ்ரோ விமான நிறுவனத்தில் சோதனை விமானியாகப் பணியாற்றினார். அந்நிறுவனம் 1926-இல் நடந்த ஒரு போட்டிக்காக ஏவியன் என்ற சிறு விமானத்தின் முதல் மாதிரியைக் கட்டியிருந்தது. எஞ்சின் கோளாறால் அது போட்டியிலிருந்து விலக நேர்ந்தது. பிறகு அதில் சிரஸ் என்னும் வேறு எஞ்சின் பொருத்தப்பட்டது. அந்தச் சிரஸ் எஞ்சினின் பிறப்பே சுவையானது. முதல் உலகப் போர் முடிந்து மிஞ்சிக் கிடந்த எட்டு சிலிண்டர் எஞ்சின்களின் உறுப்புகளைக் கொண்டு, அவற்றில் பாதியளவாக, நான்கு சிலிண்டர்களுடன் உருவாக்கப்பட்டது அது. இந்த விமானத்தைத்தான் ஹிங்க்லர் வாங்கினார்.

1928 பிப்ரவரி 7-ஆம் நாள் லண்டனை அடுத்த கிராய்டனிலிருந்து தன்னந்தனியே புறப்பட்டார். கராச்சி, கல்கத்தா, இரங்கூன், சிங்கப்பூர் வழியாகப் பறந்து பிப்ரவரி 22-ஆம் நாள் டார்வினில் இறங்கினார். அதற்கு முன் 1919-இல் ராஸ் ஸ்மித் குழுவினர் நால்வர், இரட்டை எஞ்சின் கொண்ட பெரிய விமானத்தில் ஏறத்தாழ 28 நாட்கள் எடுத்துக்கொண்ட தூரம் அது. ஹிங்க்லருக்குப் பதினைந்தரை நாட்கள் போதுமாயிருந்தன. டார்வினோடு அவர் நின்றுவிடவில்லை. அதே மாதம் 27-ஆம் நாள், பிறந்த ஊரான பண்டபெர்க்கிலேயே கொண்டுபோய் இறக்கினார்.

இரண்டாமவர் ஏமி ஜான்சன். இங்கிலாந்தின் ஹல் நகரத்து மீன் வணிகர் ஒருவரின் மகள். லண்டனில் ஒரு வழக்கறிஞர் அலுவலகத்தில் தட்டச்சராக வேலை பார்த்தவர். ஓய்வு நேரத்தில் விமானம் ஓட்டக் கற்றார். அதோடு, கையெல்லாம் எண்ணெய்க் கறை படிய எஞ்சின் பழுது பார்க்கவும் கற்று, தரைப் பொறியாளர் உரிமம் பெற்றார். பிரிட்டனில் அந்த உரிமம் பெற்ற முதற்பெண் அவரே. தந்தையும் எண்ணெய் வணிகரான வேக்ஃபீல்டு பிரபுவும் பண உதவி செய்ய, ஒருவர் பயன்படுத்திய ஜிப்ஸி மாத் விமானத்தை 600 பவுனுக்கு வாங்கினார். மரச் சட்டத்தின்மேல் துணி போர்த்திய விமானம். வானொலிக் கருவியும் கிடையாது. அதற்கு ஜேசன் என்று பெயரிட்டார்.

1930 மே 5-ஆம் நாள் கிராய்டனிலிருந்து புறப்பட்டு ஆறே நாளில் கராச்சியை எட்டினார். இரங்கூனை அடுத்த இன்செய்னில் சோதனை வந்தது. இறங்கிய விமானம் பள்ளத்தில் பாய்ந்தது; இறக்கையும் சுழலியும் சேதமுற்றன. விமானத்தின் பக்கத்தில் அவர் கட்டிக் கொண்டுவந்திருந்த மாற்றுச் சுழலி கைகொடுத்தது. கிழிந்த இறக்கைக்குத் துணி வேண்டுமே? போர்க்காலத்தில் மிஞ்சிய விமானத் துணியைச் சட்டைகளாகத் தைத்து வைத்திருந்தார்கள். அந்தச் சட்டைகளைப் பிரித்து இறக்கையை ஒட்டுப் போட்டார்கள். பின்னர் பாங்காக், சிங்கோரா வழியே தீபகற்பத்தைக் கடந்து, மே 18-இல் சிங்கப்பூரை அடைந்தார். டார்வினில் இறங்கிய நாள் மே 24.

அந்த ஆண்டு நமது மலைநாடு எப்படி இருந்தது? ரஸ்ஸல் என்பவர் கேமரன் மலையில் போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கியது 1929-இல்தான். காடு அப்போதுதான் திருத்தப்பட்டு வந்தது. கீழே சமவெளியிலோ ரப்பர் விலை வீழ்ந்து, வேலையிழந்த தமிழ்த் தொழிலாளர்கள் பல்லாயிரவர் தமிழகத்துக்குக் கப்பலில் திருப்பி அனுப்பப்பட்டனர். ஒரு பெண் புகழைத் தேடி இந்த வானத்தைக் கடந்த காலத்தில், நம்மவர் வெறுங்கையோடு கடலைக் கடந்தனர். வீடு திரும்புதல் எல்லார்க்கும் ஒன்றுபோல் அமைவதில்லை.

அதே மே மாதத்தில் இந்தியாவுக்கும் ஒரு வீடு திரும்பும் பயணம் நிகழ்ந்தது. இங்கிலாந்துக்கும் இந்தியாவுக்கும் இடையே தனியாகப் பறக்கும் முதல் இந்தியருக்கு ஆகா கான் 500 பவுன் பரிசு அறிவித்திருந்தார். பதினேழு வயது ஆஸ்பி எஞ்சினியர் இங்கிலாந்திலிருந்து கராச்சி நோக்கியும், ஜே. ஆர். டி. டாட்டா கராச்சியிலிருந்து இங்கிலாந்து நோக்கியும் ஜிப்ஸி மாத் விமானங்களில் பறந்தனர். எகிப்தில் அபூகீர் என்னுமிடத்தில் இருவரும் சந்தித்தனர். ஆஸ்பியின் எஞ்சினுக்குத் தீப்பொறிச் செருகி, அதாவது ஸ்பார்க் பிளக், தேவைப்பட்டது. போட்டியாளரான டாட்டா தம்மிடமிருந்ததைக் கொடுத்தார். சில மணி நேர வேறுபாட்டில் ஆஸ்பியே வென்றார். 1960 முதல் 1964 வரை இந்திய விமானப்படையின் தளபதியாக இருந்தவர் அவர்தான்.

இவற்றிலிருந்து நாம் அறிவது என்ன? பழைய விமானத்தை வீடு சேர்ப்பது துணிச்சல் மட்டுமன்று. பொருளை அறிந்திருப்பதும் ஆகும். இன்றும் பழைய விமானம் வாங்குவோர் முதலில் கேட்பது பறந்த மணிக்கணக்கு எழுதிய பதிவேட்டைத்தான். சிறு விமான எஞ்சின்கள் பலவற்றை ஏறத்தாழ 2,000 மணி நேரத்துக்கு ஒருமுறை முழுவதுமாகப் பிரித்துப் பார்க்க வேண்டும். அந்தக் கெடு நெருங்கிய விமானம் மலிவாகக் கிடைக்கும். ஆனால் செலவு பின்னாலேயே வரும். உலோகத்தில் அரிப்பு உண்டா என்று பார்க்க வேண்டும். நாடு விட்டு நாடு கொண்டுவருவதானால் பதிவை மாற்ற வேண்டும். நம் நாட்டுப் பதிவு 9எம் என்று தொடங்கும். இவ்வளவுக்கும் பிறகு, மலைமேல் மேகம் கவிந்திருந்தால் காத்திருக்கும் பொறுமையும் வேண்டும்.

அறிந்தவர்க்கும் ஆபத்து இல்லாமலில்லை. ஹிங்க்லர் 1933 ஜனவரி 7-இல், மீண்டும் ஆஸ்திரேலியா நோக்கிப் புறப்பட்டபோது, இத்தாலிய மலையில் விழுந்து மாண்டார். ஏமி ஜான்சன் 1941 ஜனவரியில், போர்க்கால விமானம் ஒன்றை ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்குக் கொண்டுசெல்லும் பணியில், தேம்ஸ் முகத்துவாரத்தில் உயிரிழந்தார். அவர்கள் வாங்கிய பழைய விமானங்கள் மட்டும், ஒன்று பிரிஸ்பேன் நகரிலும் மற்றொன்று லண்டனிலும், அருங்காட்சியகங்களில் இன்றும் இருக்கின்றன.

விமானியின் பெயரை உலகம் நினைவில் வைத்திருக்கிறது. இன்செய்னில் சட்டையைப் பிரித்து இறக்கை தைத்தவர்களின் பெயர்களை எத்தனை பேர் அறிவர்? நமது மலையிலும் தேயிலை ஆலையின் உருளைகளையும், ஏற்றத்தில் திணறும் லோரிகளையும் ஓடவைக்கும் கைகள் உண்டு. அந்தக் கைத்தொழிலைச் சிறிதென்று நம் பிள்ளைகள் எண்ணிவிடாதபடி பார்த்துக்கொள்வது நம் கடமை.