குடவோலையும் எலெக்‌ஷன் டியூட்டியும்



என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்து, இன்று தானும் ஆசிரியையாக இருக்கும் ஒரு மாணவி நேற்று போனில் பேசினாள். "வேடந்தாங்கல்ல இருக்கற என்னைக் கடலோரம் செய்யூர் தொகுதிக்குப் போட்டாங்க சார். கேட்டா கம்ப்யூட்டர் போட்டதுன்னு சொல்றாங்க. கம்ப்யூட்டர்கிட்ட போய் யார் சண்டை போடறது?" என்று பழைய தேர்தல் பணியை நினைத்துப் புலம்பினாள். அவளுக்குப் போனில் பாதி சொன்னேன். மீதி இங்கே.

நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் இந்தப் பட்டியலைக் கையால்தான் எழுதினார்கள். அலுவலகத்தில் ஆள் தெரிந்தவருக்குப் பக்கத்துச் சாவடி கிடைக்கும். தெரியாதவருக்குப் பஸ் போகாத ஊர். எந்த அலுவலகம், யார் என்பதெல்லாம் இப்போது வேண்டாம். வாக்குப்பெட்டிகளோடு லாரியின் பின்னால் உட்கார்ந்து போயிருக்கிறேன். நாலைந்து சாவடிக்கு ஒரே லாரி. கடைசிச் சாவடிக்காரர் போய்ச் சேரும்போது இருட்டிவிடும். அந்தக் கடைசி ஆள் எப்போதும் சிபாரிசு இல்லாதவராகவே இருந்தது தற்செயல் என்று நான் நம்பவில்லை.

2001 சட்டமன்றத் தேர்தலில் தமிழ்நாடு முழுவதும் வாக்கு இயந்திரம் வந்தது. பணியாளர் பட்டியலும் மெல்ல மெல்லக் கணினிக்குப் போனது. இப்போது மூன்று கட்டக் குலுக்கல்: முதலில் யார் யாருக்குப் பணி, அடுத்து யார் யாரோடு சேர்ந்து ஒரு குழு, கடைசியில் எந்தக் குழுவுக்கு எந்தச் சாவடி. தேர்தல் பார்வையாளர் முன்னிலையில் நடக்கிறது. சாவடியின் பெயர் கிட்டத்தட்ட கிளம்பும் நேரத்தில்தான் நமக்குத் தெரியும். இயந்திரம் ஏற்றிப் போகும் வண்டிகளில் ஜி.பி.எஸ். கருவியும் வந்துவிட்டது.

இதைப் புதுமை என்று நினைக்கிறோம். நம் பக்கத்து ஊரான உத்திரமேரூரில், வைகுந்தப் பெருமாள் கோயில் சுவரில் இதன் பாட்டன் இருக்கிறான். முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் இரண்டு, கி.பி. 919-லும் 921-லும் வெட்டப்பட்டவை.

ஊர் 30 குடும்புகளாக, அதாவது வார்டுகளாகப் பிரிந்திருந்தது. தகுதியுள்ளவர் பெயர்களை ஓலையில் எழுதி, குடும்பு வாரியாகக் கட்டிக் குடத்தில் போட்டார்கள். பெரியவர் சிறியவர் எல்லோரும் கூடிய சபையில், வயதில் மூத்த பூசாரி எல்லோருக்கும் தெரியும்படி குடத்தைத் தூக்கிப் பிடிக்க வேண்டும். உள்ளே என்ன இருக்கிறதென்று அறியாத ஒரு சிறுவன் ஒரு கட்டை எடுப்பான். அதைப் பிரித்து வேறு குடத்தில் போட்டுக் குலுக்கி, அதிலிருந்து ஓர் ஓலையை எடுத்து மத்தியஸ்தனிடம் கொடுப்பான். மத்தியஸ்தன் ஐந்து விரலையும் அகல விரித்து உள்ளங்கையில்தான் வாங்க வேண்டும். விரலிடுக்கில் வேறு ஓலை ஒளிந்திருக்கக் கூடாதல்லவா! அவர் வாசித்த பெயரை அங்கிருந்த பூசாரிகள் எல்லோரும் திரும்ப வாசிப்பார்கள்.

இப்படி எடுத்த 30 பேரில் சம்வத்சர வாரியத்துக்கு 12, தோட்ட வாரியத்துக்கு 12, ஏரி வாரியத்துக்கு 6. பதவி 360 நாள். முந்தைய மூன்று ஆண்டுகளுக்குள் வாரியத்தில் இருந்தவர் பெயரைக் குடத்தில் போட முடியாது. எனக்கு மிகவும் பிடித்த விதி வேறொன்று. வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவன் மறுபடி வர முடியாது. அவனுடைய சிற்றப்பன் பெரியப்பன், மாமன், அத்தை பிள்ளை வரை வர முடியாது. உறவுக்காரரைப் பினாமியாக நிறுத்தும் வழியை அன்றைக்கே அடைத்துவிட்டார்கள்.

பெருமையை மட்டும் சொன்னால் ஆசிரியர் வேலை ஆகாது. அது பிராமணர்களுக்குத் தானமாகக் கொடுக்கப்பட்ட ஊர். கால் வேலிக்கு மேல் வரி கட்டும் நிலம், சொந்த மனையில் வீடு, வேதப் படிப்பு இவையெல்லாம் இருந்தால்தான் குடத்துக்குள்ளே பெயர் போகும். பெண்கள் பெயரும் உழுதவர்கள் பெயரும் அதில் இல்லை. குலுக்கலில் குறையில்லை, குடத்துக்குள் யாரைப் போட்டார்கள் என்பதில்தான் குறை. அதை 1,100 வருஷம் கழித்துத் தேர்வுக்கு எழுதும் பிள்ளைகளுக்கு நாம் சொல்லித் தருவதில்லை.

இன்னொன்று. 919-இல் வயது வரம்பு 30 முதல் 60. இரண்டே வருஷத்தில் அதை 35 முதல் 70 என்று மாற்றி மறுபடி கல்லில் வெட்டினார்கள். கல்லில் வெட்டியதையே திருத்தியவர்கள் இருந்த மாவட்டம் இது. "சாஃப்ட்வேரில் மாற்ற முடியாது" என்று யாராவது சொன்னால் எனக்குச் சிரிப்புதான் வருகிறது.

அதனால் அம்மா, கணினிக் குலுக்கலை நான் எதிர்க்கவில்லை. லாரியின் பின்னால் உட்கார்ந்தவன் எதிர்க்க மாட்டான். ஆனால் அன்று குடத்தைத் தூக்கிப் பிடித்தது ஊர் முழுக்கப் பார்ப்பதற்கு. இன்று அந்த அறையில் அதிகாரிகள் பார்க்கிறார்கள். பணிக்குப் போகிறவர் கையில் முடிவு மட்டும் காகிதமாக வருகிறது. செய்யூருக்குப் போகச் சொல்வது நியாயம்தான். எப்படிச் செய்யூர் வந்தது என்று அவள் கேட்பதும் நியாயம்தான்.

உனக்கு ஞாபகம் இருக்கிறதா? இந்தப் பாடம் நடத்தியபோது சத்துணவுக் கூடத்திலிருந்து ஒரு குடம் வாங்கி வந்து வகுப்புத் தலைவர் தேர்தல் வைத்தோம். வகுப்பிலேயே சின்னவள் என்று சீட்டு எடுக்க உன்னைத்தான் கூப்பிட்டேன். குடத்துக்குள் எட்டிப் பார்த்து, உன் தோழி பெயரைத் தேடி எடுத்தாய். முப்பது பிள்ளைகளும் பார்த்துக்கொண்டிருந்ததால் அங்கேயே கத்தினார்கள். மறுகுலுக்கல் நடத்தினேன்.