கல் ஏறிப் போன ரயில்

செங்குன்றத்திலிருந்து ஜி.என்.டி. ரோட்டைப் பிடித்து மூலக்கடை வரை நடந்து, கொடுங்கையூரில் வீடு சேர்வது என் ஓய்வுக்காலப் பைத்தியம். முன்பு பெரம்பூர் ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் வேலை. புழல், காவாங்கரை, மாதவரம் என்று கன்டெய்னர் லாரிகளுக்கு ஒதுங்கி ஒதுங்கி வருகிறவனைப் பார்த்து, "பஸ்ஸுக்குக் காசு இல்லையா பெரியவரே?" என்று கேட்டவர்களும் உண்டு. இந்தியாவின் முதல் ரயில் ஓடிய பக்கம் இது என்றால் சிரிக்கிறார்கள்.

ஓடியது 1837இல். செங்குன்றத்திலிருந்து சிந்தாதிரிப்பேட்டைப் பாலம் வரை, ஆர்தர் காட்டன் போட்ட லைன். அதில் ஏறியது செம்புறாங்கல். பட்டணத்துக்கு ரோடு போடக் கல் வேண்டும். கல் கிடந்த இடம் செங்குன்றம். மழை பெய்தால் மண் பாதையில் மாட்டு வண்டி அச்சு வரை புதையும், இரும்புப் பாதையில் அந்தத் தொல்லை இல்லை. இழுக்க வில்லியம் ஏவரியின் சுழல் நீராவி என்ஜின் வந்தது. நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் பார்த்த ஸ்டீம் என்ஜின்களில் பிஸ்டன் முன்னும் பின்னும் போய்வரும். ராடுதான் அதைச் சக்கரத்துக்குச் சுற்றாக மாற்றிக் கொடுக்கும். சுழல் என்ஜினில் அந்த இடைத்தரகு கிடையாது, ஆவியே நேராகச் சுற்றிவிடும். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆவியைக் கசியாமல் அடக்கி வேலை வாங்கியவர்களுக்குத்தான் அதன் கஷ்டம் தெரியும். உலகம் பிஸ்டன் பக்கம் போனதில் எனக்கு ஆச்சரியமே இல்லை.

காட்டனுக்குக் கல் ரயில் பிடித்துப்போனது. 1845இல் தவளேஸ்வரத்தில் கோதாவரி அணைக்கட்டுக்குக் கல் கொண்டுவர இன்னொன்று. 1851இல் ரூர்க்கியில் சோலானி கால்வாய்ப் பாலத்துக்கு மண் சுமக்க வேறொருவர் ஓட்டியது ஒன்று. இத்தனைக்கும் பிறகுதான் 1853 ஏப்ரல் 16, பம்பாயிலிருந்து தானே: 14 பெட்டி, 400 விருந்தாளி, 21 குண்டு மரியாதை. ஆள் ஏற்றிய முதல் ரயில் அது, அதில் எனக்கு வழக்கில்லை. வெறுமனே 'முதல் ரயில்' என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கும்போதுதான் எரிச்சல் வருகிறது.

ராயபுரம் ஸ்டேஷன் 1856இலிருந்து நிற்கிறது. காட்டுவதற்குக் கட்டடம் இருக்கிறது, மரியாதையும் இருக்கிறது. நான் நடக்கிற வழியில் ஒரு துண்டு இரும்புகூடக் கண்ணில் பட்டதில்லை. காட்டன் பெயர் மட்டும் எங்கள் பக்கம், வியாசர்பாடிப் பக்கம், கால்வாயில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஐப்பசி மழையில் கேப்டன் காட்டன் கால்வாய் வழிந்தால், அந்தப் பெயரைச் சொல்லித் திட்டாத ஆள் கிடையாது.