கம்பி மலிந்த காலமும் ஃபாஸ்ட் நெறிமுறையும்

2001 ஏப்ரலில் அமெரிக்கப் பங்குச் சந்தைகள் பின்ன விலைகளைக் கைவிட்டு, முழுமையாகத் தசம விலைக்கு மாறின. டாலரில் பதினாறில் ஒரு பங்காக இருந்த விலைப்படி ஒரு சென்ட் ஆனது. கணினிகளே விலை சொல்லத் தொடங்கியிருந்த காலம் அது; அறிவிப்புகள் பெருகின. அவற்றைச் சுமந்த தனிக்கம்பிகளோ குறுகியவை, வாடகை மிகுந்தவை.

இந்த நெருக்கடிக்கு விடையாக, வணிகச் செய்திகளுக்கான ஃபிக்ஸ் நெறிமுறையைப் பேணும் ஃபிக்ஸ் அமைப்பின் பணிக்குழு, ஃபாஸ்ட் என்ற சுருக்க நெறிமுறையின் முதல் பதிப்பை 2006இல் வெளியிட்டது. 1992 முதல் வழங்கிவந்த ஃபிக்ஸ் எதையும் எழுத்தாகவே அனுப்பும். 942ஆம் செய்தி என்று சொல்ல ‘34=942’, பின்னே ஒரு பிரிப்புக்குறி: ஆக ஏழு பைட். ஃபாஸ்டில் 942 இரண்டே பைட். ஒவ்வொரு பைட்டிலும் ஏழு பிட் எண்ணுக்கு; எட்டாவது பிட், எண் முடிந்ததா என்று காட்டுவதற்கு. அடுத்தது 943 என்றால் அந்த இரண்டும் வேண்டாம். ‘ஒன்று கூட்டிக்கொள்’ என்ற விதி இருபுறமும் முன்பே பகிர்ந்துகொண்ட வார்ப்பில் இருக்கிறது. விலை மாறவில்லையென்றால் அனுப்புவதில்லை. சற்றே மாறினால் வேறுபாடு மட்டும் போகும். சந்தைத் தரவின் இயல்பை இவ்வளவு கூர்ந்து பார்த்து அமைத்த சுருக்கமுறை எனக்குத் தெரிந்து வேறில்லை. சிக்காகோ வணிகச் சந்தை, அமெரிக்க ஆப்ஷன் விலைகளைத் திரட்டித் தரும் ஓப்ரா, யூரெக்ஸ், மாஸ்கோ சந்தைகள் எனப் பலரும் ஏற்றனர்.

புள்ளியிடாத ஏட்டுச் சுவடியில் எழுதியவர் மிச்சம் பிடித்ததைப் படிப்பவர்தான் ஈடுகட்ட வேண்டும். ஃபாஸ்டிலும் அப்படியே. செய்தியின் ஒரு கூறு, அதாவது ஒரு புலம், எங்கே முடிகிறதென்று பைட் பைட்டாகப் பார்த்தால்தான் அடுத்தது எங்கே தொடங்குகிறது என்று தெரியும். ஐந்தாம் புலத்து விலை மட்டும் போதுமென்றாலும், முன்னுள்ள நான்கையும் அவிழ்த்தாக வேண்டும். முந்தைய மதிப்புகளையும் நினைவில் வைத்திருக்க வேண்டும். இன்றைய செயலிகள் அடுத்த கட்டளையை ஊகித்தபடி ஓடுபவை. ‘முடிந்ததா?’ என்று ஓயாமல் கேட்டால் ஊகம் தவறி, ஓட்டம் அறுபடுகிறது.

பிறகு வணிகரின் கணினி சந்தையின் தரவு மையத்துக்குள்ளேயே குடியேறியது. பத்து கிகாபிட் இணைப்பும் வந்தது. கம்பி மலிந்தது, நானோநொடி விலையேறியது. நாஸ்டாக்கின் ஐட்ச் நெறிமுறை முன்பிருந்தே புலத்துக்கு நிலையான இடம் ஒதுக்கி, சுருக்கமின்றி ஓடிக்கொண்டிருந்தது. ஃபிக்ஸ் அமைப்பும் அவ்வழியில் எஸ்பிஇ என்ற நெறிமுறையை வகுத்தது: விலை எத்தனையாவது பைட்டில் இருக்கும் என்று முன்பே தெரியும், நேரே எடுத்துக்கொள்ளலாம். 2015 வாக்கில் சிக்காகோ ஃபாஸ்டை விட்டு இதற்கு மாறியது. ஓப்ராவும் ஃபாஸ்டைக் கைவிட்டது.

ஃபாஸ்ட் தோற்றது என்று எழுதுவோரை நான் ஏற்பதில்லை. யூரெக்ஸ் காட்டிய நிதானம் எனக்கு உகந்தது: வேகம் தேடுவோருக்கு ஈஓபிஐ என்ற சுருக்கமில்லாத தரவு ஊட்டம், குறைந்த அலைவரிசையில் பெறுவோருக்கு ஃபாஸ்டில் அமைந்த வேறோர் ஊட்டம்.

சிக்காகோ விடைகொடுத்த அதே காலத்தில், 2015இல், ஃபேஸ்புக் பொறியாளர்கள் கொரில்லா என்ற காலத்தொடர்த் தரவுத்தளத்தை விவரித்தார்கள். முந்தைய மதிப்பிலிருந்து மாறியதை மட்டும் எழுதும் அதே சிந்தனை, அங்கே 16 பைட் பிடித்த ஒரு பதிவைச் சராசரியாக 1.37 பைட்டுக்குள் அடக்கியது.